திங்கட்கிழமை வரிசை

காலை 7:10. பைக்குள் நான்கு பாஸ்போர்ட்டுகள் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன.

ஸுபைதா மறுபடி எண்ணினாள். தன்னுடையது, கணவர் லக்தருடையது, விதாத்துடையது. பேத்தி ரனீமுடையதைக் காணோம். அதற்குள் மடித்து வைத்திருந்த கடிதத்தையும் காணோம். பிள்ளையின் தகப்பன் அனிஸ் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கித் தந்த அனுமதிக் கடிதம் அது. தாத்தா பாட்டியோடு என் மகள் துனிசியா போய்வரலாம், ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வரை. இன்று ஐந்து.

காணோம் என்று தெரிந்த முதல் நொடியில் அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்தது. அது பயமில்லை. என்னவென்று பார்க்காமல் அதை அமுக்கிவிட்டாள். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாலை ஆறு மணிக்குள் எல்லையைத் தாண்டி, அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் போய், பிள்ளையை அனிஸிடம் ஒப்படைக்க வேண்டும். புதன்கிழமை அவன் மகளைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்குக் குடிபோகிறான். ஸுபைதாவின் மகள் நெஜ்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் விட்டுப்போனது இந்த எட்டு வயதுப் பிள்ளை ஒன்றுதான். போன ரம்ஜானுக்கு நான்கு நாள் என்று கூட்டிவந்த பிள்ளையை லக்தர் ஏழு நாள் வைத்துக்கொண்டார். ஜுரம் என்றார், மழை என்றார், கார் மக்கர் என்றார். அனிஸ் அதை மறக்கவில்லை. இந்தத் தடவை வாசலில் நின்றபடியே சொன்னான்:

"சொன்ன தேதிக்குக் கொண்டாந்து விட்டா, வர்ற கோடைக்கு ஒரு மாசம் அனுப்பி வைக்கிறேன் அத்தை. ஒரு நாள் தப்பினாலும் அதோட சரி. அப்புறம் போன்ல மூஞ்சியப் பாத்துக்க வேண்டியதுதான்."

சொன்னதோடு நிற்காமல் தன் தங்கை விதாத்தையும் கூட அனுப்பினான். துணைக்கு என்றான். காவலுக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸுபைதா பையைப் படுக்கையில் கவிழ்த்தாள். மாத்திரைப் பட்டை, பேனா, மூக்குக்கண்ணாடிக் கூடு. வேறொன்றுமில்லை. முப்பத்தொரு வருஷம் அவள் சூக் அஹ்ராஸ் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் உட்கார்ந்தவள். காணாமல்போன பதிவேடுகளை எத்தனையோ தடவை தேடி எடுத்திருக்கிறாள். காகிதம் தானாக நடந்து போகாது. யாராவது எடுத்தால்தான் போகும்.

7:25. துனிசியாவின் கடற்கரை ஊரான தபார்க்காவில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாடி இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான். நான்கு பெட்டிகளும் கூடத்துச் சுவரோரம் அப்படியே நின்றன. விதாத் தன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்து நான்கு வயது, யாருக்கும் பயப்படாத வாய்.

"மாமா, சாவியக் குடுங்க. பெட்டிய டிக்கியில வச்சிடறேன்."

"அப்புறம் பாக்கலாம்," என்றார் லக்தர். கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"எப்ப அப்புறம்? எல்லையில கார் வரிசை எவ்வளவு நீளம் நிக்கும்னு தெரியுமில்ல? பதினோரு மணிக்குள்ள கிளம்பலைன்னா அவ்வளவுதான்."

"விதாத்," என்றாள் ஸுபைதா. "இங்க வா."

உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். விதாத் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் நீதானே கடைசியா பையத் தொட்டே?"

"ஆமா. சிம் கார்டு வாங்கப் போனப்ப கடைக்காரன் பாஸ்போர்ட் கேட்டான். திரும்பி வந்து உங்க கையிலதான் குடுத்தேன். நீங்க ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி அலமாரி மேல வச்சீங்க."

"அப்ப நாலும் இருந்துது."

"இருந்துது."

"நேத்து நம்ம கடலுக்குப் போயிருந்தப்ப நீ மட்டும் நடுவுல வீட்டுக்கு வந்தே."

"கறுப்புக் கண்ணாடிய மறந்துட்டேன். எடுக்க வந்தேன்."

"எத்தனை மணி?"

"பதினொண்ணு இருக்கும்." விதாத் நிமிர்ந்தாள். "சுத்தி வளைக்காதீங்க அத்தை. நேராவே கேளுங்க."

"உங்கண்ணன் எடுக்கச் சொன்னானா?"

விதாத் சிரித்தாள். சிரிப்பு பாதியில் கோணியது. எழுந்து போய்ப் பெட்டியை இழுத்து வந்தாள். திறந்தாள். துணி, செருப்பு, சோப்பு, உள்ளாடை எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். பிறகு கைப்பேசியைத் திறந்து ஸுபைதாவின் மடியில் போட்டாள்.

"பத்து நாளா அண்ணனுக்கு என்ன எழுதியிருக்கேன்னு படிங்க. சத்தமா வேணாம். உங்களுக்கே வெக்கமாயிருக்கும்."

ஸுபைதா படித்தாள். நான்காம் நாள் ஜெல்லி மீன் கொட்டி ரனீமுக்குக் கால் வீங்கியது, காய்ச்சல் அடித்தது, லக்தர் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். அன்றைக்கு விதாத் அண்ணனுக்கு எழுதியிருந்தது ஒரே வரி: ரனீம் ஜோரா இருக்கா, மூணு ஐஸ்கிரீம் தின்னா, திட்டு.

காவலுக்கு வந்த பெண் பத்து நாளும் தங்களைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஸுபைதாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்கக் குனிந்தாள்.

"விடுங்க," என்றாள் விதாத். "மடிக்கிறதெல்லாம் அப்புறம். மொதல்ல பாஸ்போர்ட்டு."

7:50. வீட்டுக்காரி மொஞ்சியா கீழ்த்தளத்திலிருந்து மேலே வந்தாள். மாடியின் இன்னொரு சாவி அவளிடம் இருந்தது. நேற்று காலை அறையைப் பெருக்கியதும் அவள்தான்.

"பெருக்கும்போது அலமாரியத் தொட்டீங்களா?"

"அலமாரிய எதுக்குத் தொடணும்? தரை கீழதானே இருக்கு."

"அப்ப வீட்ல வேற யாராவது?"

"உங்க வீட்டுக்காரர்தான். நான் வர்றப்ப அவர் வெளிய போனார். ஒம்போது மணி. கை தட்டிக் கூப்பிட்டேன், காதுல விழாத மாதிரி போனார்." மொஞ்சியா இடுப்பில் கை வைத்தாள். "இங்க பாருங்கக்கா. இருபது வருஷமா உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் வாடகைக்கு விடறேன். அவங்க பொருள் ஒண்ணு இந்த வீட்ல காணாம போனதில்ல. என் துண்டுங்கதான் காணாம போகும்."

"நான் உங்களைச் சொல்லலை."

"சொல்லாம என்ன? சாவிய ஏன் பாக்குறீங்க? போலீஸக் கூப்பிடுவோம். அவங்க வந்து கேக்கட்டும். புகார் எழுதணும், அப்புறம் உங்க தூதரகம், அப்புறம் தற்காலிகக் காகிதம். மூணு நாள் ஆகும். ஆகட்டும். என் பேருல ஒரு தூசி ஒட்டக் கூடாது!"

படிகள் அதிர அவள் கீழே இறங்கினாள், நம்பர் தேடி.

சமையலறை வாசலில் ரனீம் நின்றிருந்தாள். கையில் எண்ணெயில் தோய்த்த ரொட்டி.

"போலீஸ் வந்து விதாத் அத்தையப் புடிச்சிக்கிட்டுப் போகுமா?"

லக்தர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரையும் புடிக்காது கண்ணு. நான்தான் தொலைச்சேன்."

8:05. கேள்விகளை ஸுபைதா நின்றபடியே கேட்டாள்.

"எப்ப?"

"நேத்து காலைல. பாஸ்போர்ட்டை ஒரு நகல் எடுத்து முத்திரை வாங்கி வச்சிக்கலாம்னு நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். எல்லையில கேட்டா கையில இருக்கட்டுமேன்னு."

"வாங்கினீங்களா?"

"கூட்டம் வாசல் வரைக்கும் நின்னுது. உனக்குத் தெரியாததா? ஒரு மணி நேரம் நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். சட்டைப் பையிலதான் வச்சிருந்தேன். வழியில விழுந்திருக்கும்."

"ஏன் நேத்தே சொல்லலை?"

"நீ கத்துவே."

"நான் எப்பக் கத்தியிருக்கேன்?"

"கத்த மாட்டே. அது இன்னும் மோசம்."

விதாத் பெருமூச்சு விட்டாள். ரனீம் ஓடிப்போய்த் தாத்தாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஸுபைதாவுக்கும் நெஞ்சில் ஒரு கட்டு தளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நகராட்சி, வாசல் வரைக்கும் கூட்டம். முப்பத்தொரு வருஷம் அவள் பார்த்த காட்சி. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? தவறு செய்த மனிதர் தவற்றைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

"நானே போய் விசாரிக்கிறேன்," என்றாள். "கீழ கெடந்ததை யாராவது எடுத்துக் குடுத்திருப்பாங்க."

"நானும் வரேன்," லக்தர் அவசரமாக எழுந்தார்.

"வேணாம். நீங்க பிள்ளையப் பாத்துக்குங்க."

8:35. நகராட்சியின் வரிசை படிகளைத் தாண்டித் தெருவில் வளைந்து, பழக்கடை வரைக்கும் நின்றது. ஸுபைதா கடைசியில் போய் நின்றாள். வெயில் அதற்குள் ஏறியிருந்தது. உள்ளே கடைசிக் கவுண்டரில் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கண் பழக்கதோஷத்தில் வரிசையை எடைபோட ஆரம்பித்துவிட்டது.

பிறந்த குழந்தையின் மருத்துவமனைச் சீட்டை விரலிடுக்கில் பிடித்த இளம் தகப்பன். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. இறப்புச் சான்றுக்கு வந்த இரண்டு சகோதரர்கள், கறுப்புச் சட்டை, அடக்கம் முடிந்து காகிதத்துக்குக் காத்திருக்கிறவர்கள். கல்யாணத் தேதி நெருங்கிவிட்ட ஒரு ஜோடி. எல்லோர் முகத்திலும் ஒரே எரிச்சல், முன்னமே வந்திருக்க வேண்டியவர்களின் எரிச்சல். அடைத்து வைத்த தண்ணீரைத் திறந்துவிட்ட மாதிரிக் கூட்டம்.

இந்தக் கூட்டத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இது எந்த நாளும் வருகிற கூட்டமல்ல. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் வரும். வெள்ளியும் சனியும் அலுவலகம் மூடிக் கிடந்து, ஞாயிறு காலை கதவு திறக்கும்போது வரும். சூக் அஹ்ராஸில் அதற்கு ஞாயிற்றுக் கூட்டம் என்றே பெயர்.

ஆனால் இன்று திங்கள்.

ஸுபைதா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ரனீமின் தோழிக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பத் தபால் நிலையம் போனார்கள். திறந்திருந்தது. லக்தர்தான் வாசலில் நின்று வியந்தார்: வெள்ளிக்கிழமை ஆபீஸா, அப்ப இவங்க எப்பத்தான் தூங்குவாங்க?

முன்னால் நின்ற பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"ஏம்மா, நேத்து இங்க கூட்டம் எப்படி?"

"நேத்தா?" அந்தப் பெண் திரும்பினாள். "நேத்து ஞாயித்துக்கிழமையாச்சே. பூனைகூட இருந்திருக்காது." பிறகு ஸுபைதாவின் பேச்சைப் புரிந்துகொண்டு சிரித்தாள். "அல்ஜீரியாவாக்கா? எங்களுக்கு லீவு சனியும் ஞாயிறும்."

ஸுபைதா வரிசையை விட்டு விலகினாள். இடம் கிடைத்த சந்தோஷத்தில் பின்னால் நின்றவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

9:05. கார் அத்திமரத்து நிழலில் நின்றது. லக்தர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார், கதவு திறந்தபடி. கால்கள் வெளியே. அவள் வருவதைப் பார்த்து எழப் பார்த்தார்.

"உக்காருங்க," என்றாள். சுற்றிப் போய் அடுத்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இருவரும் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தார்கள்.

"கிடைச்சுதா?" என்றார் லக்தர்.

"நேத்து ஆபீஸு மூடியிருந்துது."

அவர் வெளியே கிடந்த கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை இந்த ஊர்ல லீவு. ஒரு பொய்யை அவசரத்துல கட்டறப்ப நம்ம ஊரு ஞாயிறு வந்து நின்னுடுச்சு உங்களுக்கு. நீங்க சொன்னப்ப எனக்கும் ஒண்ணும் உறைக்கலை. நானும் அந்த ஞாயித்துலதானே வளந்தேன். வரிசையில போய் நின்னப்புறம்தான் தெரிஞ்சுது."

"ஹூம்."

"இது ஒண்ணு மட்டும் இருந்தா நீங்கதான் ஒளிச்சீங்கன்னு நினைச்சிருக்க மாட்டேன். வேற எங்கயோ போய்ட்டு மாத்திச் சொல்றீங்கன்னு விட்டிருப்பேன். ஆனா பெட்டிங்க நாலும் கூடத்துலயே நிக்குது. கல்யாணமாகி நாப்பத்திரண்டு வருஷம். பயணம்னா முந்தின நாள் சாயங்காலமே காரை நிரப்பி, டயருக்குக் காத்தடிச்சு, மூணு தடவை எண்ணெய் பாக்குற மனுஷன் நீங்க. நேத்து சாயங்காலம் காருகிட்ட போகவே இல்ல. பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு பயந்திருந்தா, தேடியிருப்பீங்க. தெருத் தெருவா அலைஞ்சிருப்பீங்க. நீங்க மீன் வறுத்துக்கிட்டு இருந்தீங்க. இன்னிக்குப் பயணம் கிடையாதுன்னு இந்த வீட்ல ஒருத்தருக்குத்தான் தெரியும்."

லக்தர் ஸ்டியரிங் மேல் கையை வைத்தார்.

"விதாத் டிக்கி சாவி கேட்டா. நாப்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா அப்புறம்னு சொன்னீங்க. எந்திரிங்க. டிக்கியத் தொறங்க."

அவர் எழவில்லை. குரல் மட்டும் வந்தது, ரொம்பச் சாதாரணமாக.

"மூணு நாள் ஆகும்னு அந்தம்மாவே சொல்லிச்சு. நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். புதன்கிழமை விமானம் போயிடும். அவனுக்கு அங்க வேலை காத்திருக்கு, அவன் போய்த்தான் ஆகணும். பிள்ளை பின்னால வரட்டும்பான். பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் நம்மகூட இருக்கும். ஒரு மாசம், ஹூரி. ஒரு மாசம்."

ஹூரி என்று அவர் அவளைச் செல்லமாகக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அப்புறம்னு ஒண்ணு நமக்கு இருக்கா? எனக்கு எழுபத்தொண்ணு."

"அவளுக்கு எட்டு. அவளுக்கு இருக்கு." ஸுபைதா கொஞ்சம் நிறுத்தினாள். காலையில் அமுக்கி வைத்தது மேலே வந்தது. இப்போது அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பையில மூணுதான் இருக்குன்னு பாத்தப்ப, மொதல்ல எனக்கு வந்தது பயமில்ல. சந்தோஷம். போக வேணாம்னு ஒரு சந்தோஷம். அதனாலதான் அந்தப் பொண்ணு மேல அப்படிப் பாஞ்சேன். என்கிட்டேயிருந்து என்னை மறைக்க யாராவது ஒரு திருடி வேண்டியிருந்துது."

லக்தர் திரும்பி அவளைப் பார்த்தார். இறங்கினார். டிக்கியைத் திறந்து, உபரிச் சக்கரத்தைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பச்சை அட்டை போட்ட பாஸ்போர்ட், மடித்த கடிதம். எண்ணெய்க் கறை படாமல் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தார்.

9:30. கூடத்தில் மொஞ்சியா கையில் போனோடு நின்றாள். விதாத் இன்னும் தரையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரனீமைப் பால்கனியில் ஈரத் துண்டுகளை எடுத்துவர அனுப்பிவிட்டு, ஸுபைதா பாஸ்போர்ட்டை மேஜை மேல் வைத்தாள்.

"எடுத்தது எங்க வீட்டுக்காரர்," என்றாள். "தொலைச்சேன்னு சொன்னது பொய். கார்ல ஒளிச்சு வச்சிருந்தார். மொஞ்சியா, உங்களைச் சந்தேகப்பட்டேன். விதாத், உன் பெட்டியக் கொட்ட வச்சேன். ரெண்டு பேரும் என்னை என்ன வேணாச் சொல்லுங்க."

மொஞ்சியா முதலில் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், பிறகு வாசலில் தலை குனிந்து நின்ற லக்தரை.

"ஹாஜியாரே," என்றாள். "இதுக்குத் துண்டு திருடறவங்களே தேவலாம்." போனை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

விதாத் மடித்த துணியைப் பெட்டியில் வைத்தாள். அவள் கைப்பேசி அடித்தது. அனிஸ். இந்தப் பெண் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வர்ற கோடை, அதற்கடுத்த கோடை, எல்லாம் அதோடு போய்விடும். சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

விதாத் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"கிளம்பியாச்சா?" அனிஸின் குரல் அறையை நிறைத்தது.

"இன்னும் இல்ல."

"ஏன்? மணி என்ன ஆகுது? அந்தக் கிழவர் மறுபடி ஏதாவது ஆரம்பிச்சிட்டாரா?"

விதாத் லக்தரைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். லக்தர் பார்வையை விலக்கவில்லை.

"மாமா பெட்டிய ஏத்திட்டு இருக்கார்," என்றாள். "உன்னை மாதிரி நாலு துணியச் சுருட்டிக்கிட்டு ஓடற ஆளா அவரு? எல்லாம் ஒழுங்கா அடுக்கணும். ஆறு மணிக்குத்தானே? வை போனை."

கைப்பேசியை அணைத்துவிட்டுத் தன் பெட்டியை மூடி, காலால் லக்தர் பக்கம் தள்ளினாள்.

"ஏத்துங்க மாமா. என்னைப் பொய்க்காரி ஆக்காதீங்க."

11:50. எல்லைச் சாவடியில் அவர்களுக்கு முன்னால் நாற்பது கார்கள் இருந்தன. பிறகு இருபது. பிறகு ஒன்று. பின் இருக்கையில் ரனீம் விதாத்தின் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். பையை ஸுபைதா காலை முழுக்கத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். அதிகாரியின் கூண்டு நெருங்கியபோது அதைத் திறந்து நான்கையும் எடுத்து லக்தரிடம் நீட்டினாள்.

"என்கிட்ட ஏன் தர்றே?"

"நீங்களே குடுங்க."

அவர் வாங்கினார். கண்ணாடியை இறக்கி ஒவ்வொன்றாக நீட்டினார். முதலில் தன்னுடையது. பிறகு அவளுடையது. பிறகு விதாத்துடையது. அதிகாரி இளைஞர், வெயிலில் கண் சுருங்கியிருந்தது. கடைசியாக ரனீமுடையது, உள்ளே கடிதத்தோடு. அதிகாரி கையை நீட்டிப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. அட்டையின் ஒரு முனை அவர் விரல்களில் இருந்தது, மறு முனை லக்தரின் விரல்களில்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"பெரியவரே," என்றார் அதிகாரி, கோபமில்லாமல். "நீங்க விட்டாத்தான் நான் முத்திரை குத்த முடியும்."

லக்தர் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு விட்டார்.